நியூத்திரினோ மூன்றில் பாரமானது எது? வித்தியாசம் தெரியும், வரிசை ஏன் தெரியாது?

உப்புவெளிச் சிட்டு
வெள்ளி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான். பொழுது போகாமல் நியூத்திரினோ பற்றி வாசிக்கத் தொடங்கி ஓரிடத்தில் முட்டுப்பட்டு நிற்கிறேன்.

விளங்கியவரைக்கும் சொல்கிறேன். நியூத்திரினோவில் இலத்திரன், மியூவோன், டவ் என்று மூன்று வகை. போகிற வழியிலேயே ஒரு வகை இன்னொன்றாக மாறும். 1998 இல் யப்பானின் சுப்பர் கமியோக்காண்டே இதைக் காட்டியது. பிறகு கனடாவின் சட்பரியில் பாரநீர்த் தொட்டி வைத்து, சூரியனில் இருந்து வருவதும் மாறித்தான் வருகிறது என்று காட்டினார்கள். 2015 இல் கஜித்தாவுக்கும் மக்டொனால்டுக்கும் நொபெல் பரிசு. மாறுவதென்றால் திணிவு இருக்கத்தான் வேண்டும். அதுவரை சரி.

திணிவு நிலைகளும் மூன்று. 1, 2, 3 என்று பெயர். ஒவ்வொரு நிலையும் அந்த மூன்று வகையும் வெவ்வேறு பங்கில் கலந்த கலவை. 1 உம் 2 உம் கிட்டக்கிட்ட, 3 தள்ளி. ஆனால் அந்த 3 மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று இன்றைக்கும் முடிவாகச் சொல்ல முடியாதாம். இவ்வளவு நுணுக்கமாக வித்தியாசத்தை அளந்தவர்களுக்கு எது கூட, எது குறைய என்று தெரியாமல் போனது எப்படி? தெரியாதென்றால், 1 ஐ விட 2 பாரம் என்று மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?


உவர்மலை மாஸ்டர்
வெள்ளி, இரவு 9.25

பிள்ளை, விடை உங்கள் ‘அலைவுகளும் அலைகளும்’ அலகிலேயே கிடக்கிறது. பரீட்சை முடிந்த கையோடு கொப்பியைத் தூக்கி எறியாமல் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்துத் தட்டுகிறோம். செக்கனுக்கு 4 அடிப்புக் கேட்கிறது, அதாவது ஒலி நாலு தரம் கூடிக் குறைகிறது. ஒன்று 256 ஹேர்ட்ஸ் என்று தெரியும். மற்றது 252 ஆ, 260 ஆ? காது சொல்லாது. வித்தியாசம் 4 என்று மட்டும் சொல்லும். நியூத்திரினோவிலும் இதுதான் நடக்கிறது. மூன்று திணிவு நிலைகளும் மூன்று மீடிறனில் அதிர்ந்துகொண்டு போகின்றன. நாம் அளப்பது அவற்றுக்கிடையிலான அடிப்பை.

சமன்பாட்டிலும் அது தெரியும். திணிவு வர்க்கங்களின் வித்தியாசத்தைத் தூரத்தாலும் 1.27 ஆலும் பெருக்கி, சக்தியால் வகுத்தால் ஒரு கோணம் வரும். தூரம் கிலோமீற்றரில், சக்தி கிகா இலத்திரன்வோல்ற்றில். மாறும் நிகழ்தகவு அந்தக் கோணத்தின் சைனின் வர்க்கத்தோடு போகும். வர்க்கித்தால் சகம் எங்கே, சய எங்கே? குறி தொலைந்துவிட்டது. சிறிய வித்தியாசம் 0.000075, பெரியது 0.0025. அலகு இலத்திரன்வோல்ற்று வர்க்கம். இரண்டுக்கும் விகிதம் 33 அளவில். இதெல்லாம் நன்றாகவே தெரியும், பெரியதன் குறியைத் தவிர.

சரி, இசைக்கவையில் குறியை எப்படிக் கண்டுபிடிப்போம்? கடந்தகால வினாத்தாளில் எத்தனை தரம் வந்திருக்கிறது! தெரியாத கவையின் புயத்தில் கொஞ்சம் மெழுகு ஒட்டுவோம். அதன் மீடிறன் குறையும். அடிப்புக் கூடினால் அது முதலே தாழ்ந்த கவை, குறைந்தால் உயர்ந்த கவை.

நியூத்திரினோவுக்கு மெழுகு, சடப்பொருளில் இருக்கும் இலத்திரன்கள். இலத்திரன் நியூத்திரினோ மட்டும்தான் அவற்றோடு ஒரு மேலதிக இடைத்தாக்கம் செய்யும். மியூவோனுக்கும் டவ்வுக்கும் அது கிடையாது. 1978 இல் வுல்ஃபென்ஸ்டைன் இதை எழுதினார். 1985 இல் மிக்கேயெவ், ஸ்மிர்னொவ் என்ற இரண்டு சோவியத் விஞ்ஞானிகள் சூரியனுக்குள் இது என்ன வேலை பார்க்கும் என்று காட்டினார்கள்.

இரண்டாவது கேள்விக்கும் விடை அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. சூரியனின் மையம் இலத்திரன் நெருக்கிய இடம். அங்கே பிறக்கும் உயர்சக்தி நியூத்திரினோக்கள் வெளியே வரும்போது ஏறக்குறைய முழுவதும் 2 ஆம் நிலையில் வருகின்றன. அந்த நிலையில் இலத்திரன் வகையின் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைய. சட்பரியில் மூன்றில் ஒரு பங்குதான் இலத்திரன் வகையாக அகப்பட்டது. 1 ஐ விட 2 பாரமாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்குச் சரிவரும். ஆக, அந்தக் கவைக்குச் சூரியனே மெழுகு பூசிக் காட்டிவிட்டது.


கிண்ணியாத் தோணி
வெள்ளி, இரவு 9.51

மாஸ்டர் சேர், பத்தாம் வகுப்போடு கடலுக்குப் போன எனக்கே இது விளங்குது. அப்போ 3 ஆம் நம்பருக்கு மெழுகு பூச என்ன தடை?


இருட்டறை
வெள்ளி, இரவு 11.38

சேர் சொன்னதில் இருந்து தொடர்கிறேன். திருமலையில் படித்து, இப்போது வெளிநாட்டில் இதே துறையில் ஆய்வு செய்கிறேன். இரவுச் சாப்பாடு அடுப்பில் இருக்கிறது, இடையில் எழும்பிப் போனால் குறை நினைக்க வேண்டாம்.

நானா, தடை என்னவென்றால் 3 ஆம் நிலையில் இலத்திரன் வகையின் பங்கு மிகக் கொஞ்சம். நூறில் இரண்டு அளவில். அந்தப் பங்கு பூச்சியமாகவே இருக்கலாம் என்று கூட ஒரு காலத்தில் பயந்தார்கள். 2012 இல் சீனாவின் தயா பே அணுவுலைப் பரிசோதனை பூச்சியம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் வரிசையைத் தேடலாம் என்ற துணிவு எல்லோருக்கும் வந்தது.

சூரியனுக்குப் பதிலாக இங்கே பூமியை மெழுகாகப் பாவிக்கிறோம். ஆர்முடுக்கியில் மியூவோன் வகைக் கற்றையை உண்டாக்கி, நிலத்துக்குள்ளால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அனுப்பி, அந்தப் பக்கத்தில் எவ்வளவு இலத்திரன் வகையாக மாறி வந்தது என்று எண்ணுவார்கள். 3 மேலே இருந்தால் நியூத்திரினோவுக்கு அந்த மாற்றம் கூடும், அதன் எதிர்த்துகளான எதிர் நியூத்திரினோவுக்குக் குறையும். 3 கீழே இருந்தால் நேர்மாறு. பூமியில் இலத்திரன் மட்டும்தான் இருக்கிறது, அதன் எதிர்த்துகளான பொசித்திரன் இல்லை. அதனால்தான் இந்த வேறுபாடு வருகிறது.

கேட்க லேசாக இருக்கும். சிக்கல் எங்கே என்றால், நியூத்திரினோவும் எதிர் நியூத்திரினோவும் இயல்பிலேயே வேறு மாதிரி மாறக்கூடும். சமச்சீர் மீறல் கோணம் ஒன்று இருக்கிறது. அதன் பெறுமானமும் தெரியாது. ஒரு வேறுபாட்டைக் கண்டால் அது பூமி செய்ததா, அந்தக் கோணம் செய்ததா என்று பிரிக்க வேண்டும்.

இப்படியான பரிசோதனைகள் இரண்டு. யப்பானில் டி2கே, தூரம் 295 கிலோமீற்றர். அமெரிக்காவில் நோவா, 810 கிலோமீற்றர். முதலாவதில் பூமியின் பங்கு குறைவு, இரண்டாவதில் கூட. 3 மேலே என்று வைத்துக்கொண்டால் இரண்டு குழுவும் அந்தக் கோணத்துக்கு வேறு வேறு பெறுமானத்தை விரும்புகின்றன. 3 கீழே என்று வைத்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன! இரண்டு குழுவும் சேர்ந்து தரவை ஒன்றாக்கி 2025 ஒக்டோபரில் வெளியிட்டார்கள். எந்தப் பக்கமும் உறுதியாகச் சாயவில்லை.

பெரிய மெழுகு, இனி வரப்போகும் டியூன் பரிசோதனை. சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஃபெர்மிலாப்பில் இருந்து தெற்கு டகோட்டாவுக்கு 1300 கிலோமீற்றர். ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில் திரவ ஆகன் தொட்டிகள். அந்தச் சுரங்கத்தின் பெயர் ஹோம்ஸ்டேக். 1960களில் ரே டேவிஸ் 615 தொன் உடுப்பு வெளுக்கும் இரசாயனத்தை இறக்கி, சூரிய நியூத்திரினோவில் மூன்றில் ஒன்றுதான் வருகிறது என்று முதன்முதலில் சொன்னதும் அதே சுரங்கத்தில்தான். பல வருடம் அவர் பரிசோதனையில்தான் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2002 இல் அவருக்கும் நொபெல் கிடைத்தது.


கரிக்கட்டை
சனி, காலை 6.10

இவ்வளவு பாடு படுவானேன்? விண்மீன் மண்டலங்களை எண்ணுகிற டெசி ஆட்கள் விடையைச் சொல்லி முடித்துவிட்டார்கள். மூன்று திணிவுகளின் கூட்டுத்தொகை 0.064 இலத்திரன்வோல்ற்றுக்கு மேல் போகாது என்பது 2025 முடிவு. 3 கீழே என்றால் கூட்டுத்தொகை குறைந்தது 0.10 வர வேண்டும். வரவில்லை. ஆகவே 3 மேலே. இழையைப் பூட்டிவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள்.


உப்புவெளிச் சிட்டு
சனி, காலை 7.02

அந்த 0.10 எங்கிருந்து வருகிறது என்று போட்டுப் பார்த்தேன். 0.0025 இன் வர்க்கமூலம் 0.05. 3 கீழே இருந்து அதன் திணிவு பூச்சியம் என்றே வைத்தாலும், 1 உம் 2 உம் ஆளுக்கு 0.05. கூட்டினால் 0.10. 3 மேலே இருந்தால் அது மட்டும் 0.05. 2 க்கு 0.000075 இன் வர்க்கமூலம், அதாவது 0.009 க்குக் கொஞ்சம் குறைய. 1 பூச்சியம். எல்லாம் சேர்த்து 0.06 க்குக் கிட்ட. சரியா?


உவர்மலை மாஸ்டர்
சனி, காலை 7.40

நூற்றுக்கு நூறு.


இருட்டறை
சனி, காலை 10.15

தங்கச்சியின் கணக்குச் சரி. கரிக்கட்டையின் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

டெசி நியூத்திரினோவை நேரே பார்க்கவில்லை. விண்மீன் மண்டலங்கள் எப்படிப் பரந்து கிடக்கின்றன என்று பார்த்து, அண்ட நுண்ணலைப் பின்னணி என்கிற, அண்டத்தின் தொடக்க காலத்து ஒளியின் தரவையும் சேர்த்து, ஒரு மாதிரியுருவில் பொருத்துகிறார்கள். அந்த 0.064, அண்ட விரிவை வேகப்படுத்துகிற கரும் சக்தி மாறாமல் நிலையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் வரும் எண். கரும் சக்தி காலத்தோடு மாறலாம் என்று இடம் கொடுத்தால் எல்லை 0.16 வரை தளர்ந்துவிடும். அப்போது 0.10 தாராளமாக உள்ளே வரும். இதில் வேடிக்கை, கரும் சக்தி மாறுகிறது போலிருக்கிறது என்று சொல்வதும் அதே டெசி தரவுதான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிற கதை.

இன்னொன்றும் இருக்கிறது. 0.064 என்பது 3 மேலே இருந்தால் வரவேண்டிய ஆகக் குறைந்த அளவையும் கிட்டத்தட்ட உரசுகிறது. கணிதத்தைச் சுதந்திரமாக விட்டால் தரவு எதிர்க்குறித் திணிவைக்கூட விரும்புகிறது. திணிவு எதிர்க்குறியாக இருக்க முடியாது. அப்படியென்றால் மாதிரியுருவிலோ தரவிலோ ஏதோ இடிக்கிறது. இடித்துக்கொண்டிருக்கிற தராசில் நிறுத்துவிட்டு வியாபாரம் முடிந்தது என்று சொல்ல நான் தயாரில்லை.

ஆய்வுகூடத்தில் நேரே நிறுப்பது ஜெர்மனியின் கத்ரின். திரித்தியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டு ஐதரசன் தேயும்போது வரும் இலத்திரனின் சக்தியைப் பார்க்கிறார்கள். அவர்களின் மேல் எல்லை 0.45. நம்பகமான அளவீடு, ஆனால் வரிசையைச் சொல்ல இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும்.


கரிக்கட்டை
சனி, காலை 10.31

மாதிரியுரு இல்லாத அளவீடு எங்கே இருக்கிறது? உங்கள் ஆர்முடுக்கிக் கணக்கிலும் மாதிரியுரு உண்டு.


இருட்டறை
சனி, காலை 10.50

உண்டு. பூமியின் அடர்த்தி, கற்றையின் சக்திப் பரம்பல், ஆகன் கருவில் முட்டும் வீதம் எல்லாம் மாதிரியுருதான். ஆனால் அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே வேறு வழியில் சோதிக்கலாம். கற்றையை நிறுத்தலாம், நியூத்திரினோவை விட்டு எதிர் நியூத்திரினோவுக்கு மாற்றலாம். அண்டத்தை நிறுத்தித் திரும்ப ஓடவிட வழியில்லை. டெசி பிழை என்று நான் சொல்லவில்லை. 3 மேலே இருக்கும் என்றுதான் என் மனமும் சொல்கிறது. ஆனால் மனம் சொல்வதைக் கட்டுரையில் எழுத முடியாதே.


கிண்ணியாத் தோணி
சனி, மாலை 4.45

கரைக்கு வந்துதான் மிச்சத்தை வாசிச்சேன். எனக்கொரு விசயம். கடலுக்கடியில் கண்ணாடிக் குண்டு கட்டி நியூத்திரினோ பிடிக்கிறாங்க என்று மகன் படம் காட்டினான். அதுக்கு ஆழம் வேணுமாம். ஆழம் எங்களிட்டத் தாராளமா இருக்கே! குடா வாயைக் கடந்தால் நங்கூரம் தரை தட்டாது. அவ்வளவு கிட்டத்தில் திமிங்கிலம் வாறதே அந்த ஆழத்தாலதான். திருமலையில் ஒன்று போட்டால் என்ன?


உவர்மலை மாஸ்டர்
சனி, மாலை 6.20

நானா, படத்தில் பார்த்தது கேஎம்3நெட் ஆக இருக்கும். மத்தியதரைக் கடலில் இரண்டு இடம். சிசிலிக்கு அப்பால் மூன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில் ஒன்று, அதன் பெயர் ஆர்க்கா. பிரான்சின் தூலோனுக்கு அப்பால் 2450 மீற்றர் ஆழத்தில் மற்றது, ஓர்க்கா. சிசிலியில் உள்ளது 2023 பெப்ரவரி 13 அன்று இதுவரை கண்டதிலேயே ஆகக் கூடிய சக்தியுள்ள நியூத்திரினோவைப் பிடித்தது. ஆனால் எங்கள் வரிசைக் கேள்விக்கு என்றே திட்டமிட்டது ஓர்க்கா.

ஒவ்வொரு கண்ணாடிக் குண்டுக்குள்ளும் 31 ஒளிபெருக்கிக் குழாய்கள். ஒரு கயிற்றில் 18 குண்டு. கயிறுகள் கடலடித் தரையில் இருந்து மிதவையால் நிமிர்ந்து நிற்கும். அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் முட்டி உண்டாகும் நியூத்திரினோ, பூமியின் மறுபக்கத்தில் இருந்து முழுப் பூமியையும் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே வரும். சில, மையத்துக்குள்ளாலேயே வரும். மெழுகு என்றால் அதுதான் மெழுகு! தண்ணீரில் எங்காவது முட்டினால் நீல ஒளிக் கூம்பு ஒன்று அடிக்கும். எந்தக் கோணத்தில் எத்தனை வந்தது என்று வருடக்கணக்கில் எண்ணி, 3 மேலேயா கீழேயா என்று பார்ப்பார்கள்.

இனி எங்கள் கடல். ஆழம் உண்டு, மறுக்கவில்லை. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்குகிற கடலடிப் பள்ளத்தாக்கு அது. ஆனால் அதே குடாவில்தான் மகாவலி வந்து விழுகிறது. மாரியில் ஆற்றுத் தண்ணீர் என்ன நிறத்தில் வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வண்டல் எல்லாம் பள்ளத்தாக்கு வழியே சரிந்துதான் ஆழ்கடலுக்குப் போக வேண்டும். கயிறு கட்டி, துல்லியமாக ஒளி பார்க்கிற இடத்தில் சேறு சரிந்தால் கதை முடிந்தது. பள்ளத்தாக்கு ஆகாது. தட்டையான, தெளிந்த, நீரோட்டம் குறைந்த தரை வேண்டும். அது வெளியே இன்னும் தூரத்தில். அங்கிருந்து கரைக்கு மின்சாரமும் ஒளியிழையும் சேர்ந்த வடம் இழுக்க வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் கப்பல் நிறுத்திக் கயிறு இறக்கவும் முடியாது.


கிண்ணியாத் தோணி
சனி, மாலை 6.48

சேறு விசயம் சரி. மாரியில் வலையைக் கழுவிக் கழுவியே கை விட்டுப்போகும். இன்னொன்றும் கேட்கிறேன். இராவில் வலை இழுக்கேக்க தண்ணி பச்சையா மின்னுமே, அது இந்தக் குண்டுக் கண்ணுக்குக் குழப்பம் இல்லையா?


இருட்டறை
சனி, இரவு 10.05

நானா, இந்தக் கேள்வியைக் கருத்தரங்கில் கேட்டிருந்தால் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்திருப்பார். குழப்பம்தான். மின்னுகிற உயிரினங்கள் ஆழத்திலும் உண்டு. நீரோட்டம் கூடினால் அவற்றின் வெளிச்சமும் கூடும். போதாததற்குக் கடலுப்பில் இருக்கும் பொற்றாசியம் 40 இடைவிடாமல் தேய்ந்து ஒளி விட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் இவை சிதறி வரும் ஒளி. நியூத்திரினோ நிகழ்வில் பல குண்டுகள் கோடிழுத்தது போல ஒரு நேர ஒழுங்கில் ஒளிரும். செக்கனின் நூறு கோடியில் சில பங்கு வரை நேரத்தை அளந்து, பொருந்துவதை மட்டும் எடுப்பார்கள்.

ஓர்க்காவுக்கு ஒரு பலவீனம் உண்டு. காந்தம் இல்லாததால், வந்தது நியூத்திரினோவா எதிர் நியூத்திரினோவா என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க முடியாது. முட்டும் வீதம் நியூத்திரினோவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதை நம்பி, மொத்தத்தில்தான் பார்க்கிறது. காந்தத்தோடு ஒன்றைக் கட்டத் திட்டம் இருந்தது, அதுவும் எங்களுக்குப் பக்கத்திலேயே. அதைப் பற்றிப் பேச இங்கே ஒருவர் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.


போடிக்காரன்
ஞாயிறு, காலை 9.12

கூப்பிட்டீங்க, வந்துட்டேன். தேனி மாவட்டம், பொட்டிப்புரம். என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அந்த மலை தெரியும்.

ஐஎன்ஓ, அதாவது இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்குக் கிடைமட்டமாகச் சுரங்கப் பாதை, உள்ளே 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்பு அடுக்கு. மலை எதற்கென்றால் அண்டக் கதிரின் மற்ற துகள்களை வடிகட்ட. இரும்பு எதற்கென்றால் நியூட்ரினோ வந்து மோத. காந்தம் எதற்கென்றால் மோதலில் பிறக்கும் மியூவான் இந்தப் பக்கம் வளைகிறதா அந்தப் பக்கம் வளைகிறதா என்று பார்க்க. ஒரு பக்கம் வளைந்தால் வந்தது நியூட்ரினோ, மறுபக்கம் என்றால் எதிர் நியூட்ரினோ. மேலே அந்த அக்கா சொன்ன குறை இதில் கிடையாது. நிறை வரிசைக்கென்றே யோசித்த கருவி.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு. அதற்கு முன்னும் பின்னும் போராட்டம், வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம். 2022 இல் தமிழக அரசு, புலிகள் நடமாடும் வழித்தடம் என்று சொல்லி, திட்டம் வேண்டாம் என உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது. இன்றைக்கும் மலை மலையாகத்தான் இருக்கிறது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தவர்கள் சொன்னதில் பாதி தவறு. அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள், நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்பதெல்லாம் அறிவியலுக்கு முன் நிற்காது. சூரியனிலிருந்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் நொடிக்கு 6,500 கோடி நியூட்ரினோ ஏற்கெனவே நம்மைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது. ஆனால் மறுபாதி, அதாவது பாறை வெடிப்பு, மேற்கு மலைத்தொடர், தண்ணீர், காடு, இதற்கு ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் நாலு பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்ததுதான் கோளாறு.


கரிக்கட்டை
ஞாயிறு, காலை 9.40

ஊர்ச்சனம் பயந்ததற்காக ஒரு நாட்டின் விஞ்ஞானத்தையே நிறுத்துவதா? சீனாக்காரன் கட்டி முடித்தே விட்டான்.


போடிக்காரன்
ஞாயிறு, காலை 9.58

ஊர்ச்சனத்துக்குச் சுரங்கம் புதுசு இல்லைங்க. 1965 இல் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் பார்த்த இடங்களில் ஒன்று கோலார் தங்க வயல், 2 கிலோமீட்டருக்கும் கீழே. அந்த வயலில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் கூலித் தொழிலாளிகள். அவர்கள் வெட்டிய குழியில்தான் விஞ்ஞானிகள் கருவியை வைத்தார்கள். யார் பயந்தார்கள், யார் பயப்படவில்லை என்பதல்ல பேச்சு. கேட்டவனுக்குப் பதில் சொன்னார்களா இல்லையா என்பதுதான்.


மட்டுறுத்துநர்
ஞாயிறு, காலை 10.20

ஐஎன்ஓ வழக்குக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே திணிவு வரிசை மட்டும். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.


உப்புவெளிச் சிட்டு
ஞாயிறு, பிற்பகல் 2.30

சீனாவில் கட்டி முடித்தது யூனோ தானே? அது அணுவுலைக்கு 53 கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது என்று வாசித்தேன். 53 கிலோமீற்றரில் பூமி என்ன பெரிய மெழுகு பூசும்? அப்படியென்றால் அவர்கள் குறியை எப்படி எடுப்பார்கள்?


இருட்டறை
ஞாயிறு, இரவு 9.30

இதைத்தான் யாராவது கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யூனோ மெழுகை நம்பவில்லை. மூன்று கவைகளையும் ஒன்றாகத் தட்டி, கூர்ந்து கேட்கிறது.

இரண்டு கவை மட்டும் இருந்தால் குறி தெரியாது, சேர் சொன்னது சரி. மூன்று இருந்தால்? 1 உம் 2 உம் கிட்டக்கிட்ட. ஆகவே மெதுவான அடிப்பு ஒன்று. 3 க்கும் 1 க்கும் இடையில் வேகமான அடிப்பு ஒன்று, 3 க்கும் 2 க்கும் இடையில் இன்னொன்று. இந்த இரண்டு வேக அடிப்புக்கும் வித்தியாசம் 33 இல் ஒரு பங்கு, அதாவது 3 வீதம். இப்போது கவனியுங்கள். 3 மேலே இருந்தால், அதற்கு ஆகத் தூரத்தில் இருப்பது 1. எனவே 3க்கும் 1க்கும் இடையிலான அடிப்புத்தான் வேகமானது. 3 கீழே இருந்தால், ஆகத் தூரத்தில் இருப்பது 2. அப்போது மற்ற அடிப்பு வேகமானது. இரண்டும் ஒரே உரப்பில் கேட்டால் எது எது என்று பிரிக்க முடியாது. ஆனால் உரப்பு ஒன்றில்லை, ஏறக்குறைய ஏழுக்கு மூன்று. உரத்த அடிப்பு வேகமானதா, மெதுவானதா? அவ்வளவுதான் கேள்வி.

பிடிக்கிற முறையையும் சொல்கிறேன், எனக்கு ஆகப் பிடித்த பகுதி அது. குவாங்டொங் மாகாணத்தில், நிலத்துக்கடியில் 700 மீற்றரில், 35 மீற்றர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளம். அதற்குள் 20,000 தொன் ஒளிர்திரவம். சுற்றிவர 17,000 க்கும் மேற்பட்ட பெரிய ஒளிபெருக்கிக் குழாய்கள், இடையிடையே 25,000 க்கும் மேற்பட்ட சின்னக் குழாய்கள். அணுவுலையில் இருந்து வரும் எதிர் நியூத்திரினோ திரவத்தில் உள்ள ஐதரசன் கருவில், அதாவது ஒரு புரோத்தனில், முட்டினால் ஒரு பொசித்திரனும் ஒரு நியூத்திரனும் பிறக்கும். பொசித்திரன் அந்தக் கணமே ஒளி விட்டு அழிந்துவிடும். நியூத்திரன் அங்குமிங்கும் முட்டி வேகம் குறைந்து, செக்கனின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் இன்னொரு ஐதரசனில் அகப்பட்டு, 2.2 மெகா இலத்திரன்வோல்ற்றுக் காமாக் கதிரை விடும். முதலில் ஒரு மின்னல், சற்றுப் பிந்தி அளவு தெரிந்த இன்னொரு மின்னல். இந்தச் சோடி வந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. நாளைக்கு ஐம்பது அளவில் அகப்படும். முதல் மின்னலின் பிரகாசம் நியூத்திரினோவின் சக்தியைச் சொல்லும். 1 மெகா இலத்திரன்வோல்ற்றில் 3 வீதத்துக்குள் பிழை இருக்க வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். அதை விடக் கூடினால் அந்த நெருக்கமான அடிப்புகள் ஒன்றோடொன்று கலங்கிப் போகும்.

2025 ஓகஸ்ட் 26 இல் தரவு எடுக்கத் தொடங்கினார்கள். நவம்பரில் 59 நாள் தரவை வைத்து மெதுவான அடிப்பைத் தந்தார்கள். அதற்கு முன் உலகம் முழுவதும் சேர்த்து வைத்திருந்த துல்லியத்தை அது 1.6 மடங்கு தாண்டியது. வரிசைக்கு இன்னும் ஆறேழு வருடத் தரவு வேண்டும்.


கிண்ணியாத் தோணி
ஞாயிறு, இரவு 9.55

தங்கச்சி, கூடங்குளத்து அணுவுலை எங்கட நேர் மேற்கிலதானே இருக்கு. அதிலிருந்து வாறதை இங்க பிடிக்கேலாதா? கடலும் வேண்டாம், மலையும் வேண்டாம்.


இருட்டறை
ஞாயிறு, இரவு 10.40

நானா, என்னை விடுகிறதாக இல்லை நீங்கள்! வருகிறதுதான், இப்போதும் உங்களைத் துளைத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். கூடங்குளத்தில் இருந்து திருமலை நேர்கோட்டில் 390 கிலோமீற்றர் அளவில். யூனோவின் 53 ஓடு ஒப்பிட்டால் ஏழு மடங்குக்கு மேல் தூரம், வர்க்கித்தால் 54 மடங்கு ஐதாகிவிடும். யூனோவைச் சுற்றியுள்ள உலைகளின் வெப்ப வலு மொத்தம் 26.6 கிகாவாற்று. கூடங்குளத்தில் ஓடுகிற இரண்டு உலைக்கும் சேர்த்து 6. இரண்டையும் சேர்த்தால் 240 மடங்கு குறைவு. அலைவால் 53 கிலோமீற்றரில் ஏற்கெனவே குறைந்திருப்பதையும் கணக்கில் எடுத்தால், யூனோ அளவு தொட்டியைத் திருமலையில் வைத்தாலும் மூன்று நாளைக்கு ஒன்று அகப்படும். வரிசை தெரிய எங்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வர வேண்டும். அதோடு மலையும் வேண்டும், அண்டக் கதிரை மறைக்க.


போடிக்காரன்
திங்கள், காலை 7.15

எங்க மலை சும்மாதான் இருக்கு. (மட்டுறுத்துநர் ஐயா, இது வழக்கைப் பற்றியது இல்லை.)

ஒரு கேள்வி. வரிசை தெரிந்தால் அடுத்தது என்ன?


இருட்டறை
திங்கள், காலை 8.30

ஒன்று மட்டும் சொல்கிறேன், வேலைக்குப் போக வேண்டும். நியூத்திரினோவும் எதிர் நியூத்திரினோவும் ஒரே துகள்தானா என்று ஒரு பழைய கேள்வி இருக்கிறது. நியூத்திரினோ வெளிவராமல் இரட்டை பீற்றாத் தேய்வு, அதாவது ஒரே கருவில் இருந்து இரண்டு இலத்திரன் ஒன்றாக வெளிவருகிற தேய்வு, நடந்தால் ஆம் என்று விடை. 3 கீழே என்று உறுதியானால் அந்தத் தேய்வு நடக்க வேண்டிய ஆகக் குறைந்த வீதத்தைக் கணிக்க முடியும். இப்போது திட்டமிட்டிருக்கும் கருவிகள் அதைத் தொட்டுவிடும். அங்கே ஒன்றும் காணாவிட்டால், ஒரே துகள் இல்லை என்று எழுதிவிடலாம். 3 மேலே என்றால் அந்த வீதம் எவ்வளவுக்கும் கீழே இறங்கலாம், தேடல் நீண்டுகொண்டே போகும். எந்த அளவுக் கருவி கட்டுவது, எவ்வளவு காசு கேட்பது என்பதெல்லாம் இந்த விடையைப் பார்த்துத்தான்.


உப்புவெளிச் சிட்டு
திங்கள், பிற்பகல் 3.05

53 கிலோமீற்றருக்கும் 3.2 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கும் மாஸ்டர் தந்த சமன்பாட்டில் போட்டேன். சிறிய வித்தியாசத்துக்குக் கோணம் 1.58. அதாவது பை இன் அரைவாசி, சைன் வர்க்கம் உச்சம். அந்தத் தூரத்தை ஏன் தெரிவுசெய்தார்கள் என்று விளங்குகிறது. பெரிய வித்தியாசத்துக்கு 52.6 வருகிறது. பை ஆல் வகுத்தால் பதினாறே முக்கால். ஆக, மெதுவான அலை ஒரு தரம் உச்சத்துக்கு ஏறி முடிக்கும் முன் வேகமான அலை பதினாறு தரம் ஏறி இறங்கிவிடுகிறது. அதற்குள் 3 வீத வித்தியாசத்தைத் தேட வேண்டும்.


உவர்மலை மாஸ்டர்
திங்கள், மாலை 5.50

இதே கணக்கை 295 கிலோமீற்றருக்கும் 0.6 கிகா இலத்திரன்வோல்ற்றுக்கும் போடுங்கள், பெரிய வித்தியாசத்தோடு. பிறகு 1300 கிலோமீற்றருக்கு எந்தச் சக்தி பொருந்தும் என்று பின்னோக்கிப் போடுங்கள்.


உப்புவெளிச் சிட்டு
திங்கள், மாலை 6.25

295 க்கு 1.56. திரும்பவும் பை இன் அரைவாசி! 1300 க்கு 2.6 கிகா இலத்திரன்வோல்ற்று வருகிறது.


இருட்டறை
திங்கள், இரவு 9.10

டியூன் கற்றையின் உச்சமும் அதற்குக் கிட்டத்தான், 2.5 அளவில்.